தண்ணீருக்குத் தனிப் பட்டா

அன்புள்ள பாப்பா,

அம்மா அனுப்பிய மொராக்கோ படங்களைப் பார்த்துவிட்டு, "பாதிப் படத்தில் அப்பாவைக் காணோமே" என்று கேட்டிருந்தாய். நான் அங்கேதான் இருந்தேன். எல்லோரும் கோட்டை வாசலில் வரிசையாக நிற்கும்போது, நான் பின்பக்கம் வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்க்கப் போயிருப்பேன். வி.ஏ.ஓ. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. ஓர் ஊருக்குள் நுழைந்தால் நீர்வழி எது, புறம்போக்கு எது, எவன் எதை வளைத்துப் போட்டிருக்கிறான் என்றுதான் கண் போகிறது. அம்மா திட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆச்சிகளோடு சேர்ந்து படம் எடுக்கப் போய்விட்டாள்.

போனில் விவரமாகப் பேச முடியவில்லை. நீ ஆபீசுக்குக் கிளம்புகிற நேரமும் எனக்குத் தூக்கம் வருகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நம் நிலத்தைப் பற்றியும் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அது கடைசியில் வரும். இப்போதே அங்கே தாவிவிடாதே.

முன்பின் தெரியாதவர்களோடு பஸ்ஸில் அடைந்துகொண்டு போவது எங்களுக்குச் சரிப்படுமா என்று உனக்குக் கவலை. எனக்கும் இருந்தது. மதுரை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். திண்டுக்கல் டாக்டர் ஒருவர் ட்ரோன் கொண்டு வந்திருந்தார். மொராக்கோவில் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோகக் கூடாதாம். காசாபிளாங்கா விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். மனிதர் பயணம் முழுக்க அந்த ரசீதைப் பாஸ்போர்ட்டை விடப் பத்திரமாக வைத்திருந்தார். காரைக்குடி ஆச்சிகள் இருவர், அக்கா தங்கை, ஒரு பெட்டி நிறையப் பருப்புப்பொடியும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் போனது புரட்டாசி ஆதலால் பாதிப் பேர் கறி தொடவில்லை. தினமும் காய்கறி தஜீன்தான். கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் கேரட், உருளை, சீமைச் சுரைக்காய் எல்லாம் வெந்து வரும். பிஸாரா என்று ஒரு பயறுக் கஞ்சி, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும் போட்டுத் தருகிறார்கள். எனக்கு அது பிடித்தது. புளி இல்லாத ஊரில் என்ன சமையல் என்பது அம்மாவின் தீர்ப்பு.

முதல் இரண்டு நாள் பஸ்ஸின் முன் இருக்கைக்குச் சண்டை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒரு தாளில் முறை எழுதி ஒட்டினார். இன்னார் காலையில், இன்னார் மதியம் என்று. அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குழுப் பயணத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கம்பளக் கடை, ஓர் ஆர்கன் எண்ணெய்க் கடை. அங்கே செலவழிந்த நேரத்தில் இன்னும் ஓர் ஊரே பார்த்திருக்கலாம்.

காசாபிளாங்காவில் இரண்டாம் ஹசன் மசூதி. 1993-இல் கட்டி முடித்தது, ஒரு பகுதி கடலுக்கு மேலேயே நிற்கிறது, கோபுரம் 210 மீட்டர். பெரிதுதான். பெரிது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஃபெஸ் வேறு மாதிரி. பழைய நகரத்துக்குள் வண்டியே போகாது. சரக்கெல்லாம் கோவேறு கழுதை மேல்தான். "பாலாக், பாலாக்" (வழி விடு) என்று கத்திக்கொண்டு வருவார்கள், சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தோல் பதனிடும் தொட்டிகளை மாடியிலிருந்து காட்டினார்கள். சுண்ணாம்பும் புறா எச்சமும் போட்டுத் தோலை ஊறவைக்கிறார்கள். மூக்கில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு கொத்துப் புதினா கொடுத்தார்கள். அம்மா அதைப் பையில் வைத்து ராத்திரி டீக்குப் போட்டுவிட்டாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது கராவிய்யின் மசூதியைப் பற்றி. பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் 859-இல் அதைத் தொடங்கினார், தகப்பனார் விட்டுப்போன சொத்தை அதற்குச் செலவிட்டார் என்று சொல்கிறார்கள். இன்றைக்கும் அது பல்கலைக்கழகமாக நடக்கிறது. மற்ற மதத்தவரை உள்ளே விடுவதில்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். அந்த நகரத்துக்கு ஆற்று நீரை வாய்க்கால்களாகப் பிரித்து மசூதி, குளியலறை, வீடு, தெருக்குழாய் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொரு தெருவிலும் ஓடு பதித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து எந்தப் பக்கம் கழிவு போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றதில் குழுவைத் தவறவிட்டேன். வழிகாட்டிப் பையன் ஓடி வந்து பிடித்தான். அதற்கப்புறம் என்மேல் ஒரு கண் வைத்திருந்தான்.

ஃபெஸ்ஸிலிருந்து தெற்கே இறங்கினால் முதலில் தேவதாருக் காடு, குரங்குகள், குளிர். அப்புறம் மரம் குறைந்து, மண் சிவந்து, கடைசியில் மொட்டை மலை. அதற்கு நடுவே ஸிஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு திடீரென்று வந்தது. இரண்டு பக்கமும் ஒரு புல் இல்லை, நடுவில் மட்டும் ஆறு போகிற போக்கில் பேரீச்சை. அங்கிருந்துதான் எனக்குப் பயணமே ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்.

பஸ் ஓட்டியவர் அந்தப் பக்கத்துக்காரர். என் வயது இருக்கும். என்னை 'ஹாஜ்' என்றே கூப்பிட்டார். அங்கே பெரியவர்களை மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவார்களாம். மெக்கா போகாமலே ஹாஜி ஆகிவிட்டேன். அவர் பேச்சை வழிகாட்டி எனக்கு இங்கிலீஷில் சொல்வான், என் இங்கிலீஷை அவருக்கு அரபியில் சொல்வான். 1965-இல் ஸிஸ் ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து ஊர்களை அடித்துப் போனதும், எர்ரஷீதியாவுக்கு மேலே அணை கட்டினார்கள், 1971-இல் முடிந்தது. வெள்ளம் நின்றது. கீழே இருந்தவர்களுக்கு வெள்ளத்தோடு வந்த வண்டலும் நின்றது, மண்ணுக்குள் இறங்கிய ஊற்றும் குறைந்தது. நம் ஊர்க்கதைதான்.

எர்ஃபூதைத் தாண்டி ரோட்டோரத்தில், பொட்டல் வெளியில், ஒரே கோட்டில் கரையான் புற்று வரிசை வைத்த மாதிரி மண்மேடுகள். கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் போகிறது. பஸ் நின்றது. மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் ஒரு மேட்டின்மேல் ஏறிப் பார்த்தேன். நடுவில் கிணறு. அதன் பெயர் கெத்தாரா.

வேலை இதுதான். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கிற இடத்தில் ஒரு தாய்க்கிணறு தோண்டுகிறார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி நிலத்துக்கு அடியிலேயே, மிக மெல்லிய சரிவில், கிலோமீட்டர் கணக்கில் குகை வாய்க்கால். தண்ணீர் தானாகவே ஓடி வந்து ஊர்ப் பக்கம் தரைக்கு வந்துவிடும். மோட்டார் இல்லை, மாடு இல்லை, ஏற்றம் இல்லை. வெயிலில் ஆவியாகவும் வழியில்லை. அந்த மேடுகள் மண்ணை வெளியே இழுக்கவும் பிறகு தூர் எடுக்க இறங்கவும் வெட்டிய கிணறுகள். ஈரானிலும் ஓமானிலும் இதே முறை உண்டு. நம் பக்கத்தில் காசர்கோட்டில் சுரங்கம் என்று மலையைக் குடைந்து வைத்திருப்பார்களே, அதுவும் இந்த வகைதான்.

சிறு கட்டணம் கொடுத்தால் ஒன்றில் உள்ளே இறங்கவிடுகிறார்கள். இறங்கினேன். முட்டி வலி உனக்குத் தெரியும், ஆனாலும் இறங்கினேன். வெளியே கொளுத்துகிறது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஆனால் தரை காய்ந்த களிமண். அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் பல வற்றிவிட்டன. எழுபதுகளில் டீசல் பம்பு வந்தது. இப்போது சூரிய ஒளிப் பம்பு. பேரீச்சைத் தோட்டம் போட வெளியூர் முதலாளிகள் வந்து ஆழக் குழாய் இறக்கினால், இருபது முப்பது அடி ஆழத்தில் ஓடும் கெத்தாராவுக்கு என்ன மிஞ்சும்? நம் ஊரில் போர்வெல் வந்த பிறகு கமலைக் கிணறுகள் என்ன ஆயின என்று உன் தாத்தாவைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

ஓட்டுநர் குடும்பத்துக்கு இன்னும் ஓடுகிற ஒரு கெத்தாராவில் பங்கு இருக்கிறது. அவர் சொன்னதைக் கேட்டு நான் டீயையே மறந்துவிட்டேன். அங்கே தண்ணீர் வேறு, நிலம் வேறு. கெத்தாராவில் முறை வரும்போது பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் எடுக்கும் பங்கு உனக்கு இருந்தால் அது உன் சொத்து. நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை விற்கலாம், தண்ணீரை வைத்துக்கொண்டு நிலத்தை விற்கலாம், அரை மணி நேரத்தை ஒருவருக்கு வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதலாம். பேரன் காலத்தில் அது சில நிமிடமாகக்கூடத் தேய்ந்து நிற்கும். தண்ணீருக்குத் தனிப் பட்டா! நம் கண்மாய்ப் பாசனத்தில் ஆயக்கட்டு நிலத்தோடு தண்ணீர் ஒட்டிக்கொண்டே போகும், பிரிக்க முடியாது. முப்பது வருடம் அடங்கல், அதாவது ஊர்ப் பயிர்க்கணக்கு, எழுதியவனுக்கு இதைக் கேட்டதும் ஒரு நோட்டு வாங்கி எழுத உட்காரலாம் போல இருந்தது. அந்தக் காலத்தில் பகலில் நிழலை வைத்தும் ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்தும் முறையைக் கணக்கிட்டார்களாம். அட்லஸ் மலைப் பக்கத்தில் அடியில் துளை போட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை ஓர் அளவாக வைத்திருந்தார்களாம். நம் நாழிகை வட்டிலேதான். இப்போது எல்லாம் கைக்கடிகாரம், செல்போன்.

கெத்தாரா சரிந்தாலோ தூர்ந்தாலோ பங்குக்காரர்கள் ஆள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பணம் கொடுக்க வேண்டும். பங்கின் அளவுக்குத் தக்கபடி. குடிமராமத்துதான், வேறென்ன. ஓட்டுநரின் தம்பி பிரான்ஸில் இருக்கிறார், சித்தப்பா காசாபிளாங்காவில். வருடாவருடம் பணம் ஒழுங்காக வந்துவிடும். அவர் ஒன்று சொன்னார்: "பணம் அனுப்ப ஆள் இருக்கிறது, ஹாஜ். உள்ளே இறங்கத்தான் ஆள் இல்லை." இறங்குகிறவர்கள் நாலைந்து பேர்தான், அவர்களில் ஒருவருக்குப் பங்கே கிடையாது, கூலி மட்டும். சித்தப்பா தன் பங்கை அந்தக் கூலிக்காரருக்கே குறைந்த விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். வீட்டில் பெரிய சண்டை. வெளியூர்த் தோட்டக்காரன் எவ்வளவு கொடுத்திருப்பான் தெரியுமா என்று. "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். தானும் சண்டை போட்டதாகச் சொல்லிச் சிரித்தார். "ஆனால் தண்ணீர் வருகிறது" என்றார்.

நீ ஊருக்கு வரும்போதெல்லாம் கலிபோர்னியாவிலிருந்து ஒரு பெட்டி மெட்ஜூல் பேரீச்சை கொண்டு வருவாயே, அதன் பூர்வீகம் இந்தப் பகுதிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயூத் என்ற பூஞ்சை நோய் மொராக்கோவின் பேரீச்சைகளை அழித்துக்கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு கோடி மரத்துக்கு மேல் போய்விட்டது என்கிறார்கள். 1927-இல் பூதனிப் என்ற ஊரிலிருந்து நோயில்லாத பக்கக்கன்றுகள் பதினொன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது பிழைத்தன. நீ கடையில் வாங்குவது அந்த ஒன்பதின் வாரிசு. ரோட்டோரத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள், அறுவடைக் காலம். அம்மா பேரம் பேசி வாங்கினாள். விற்ற கிழவிக்கும் அம்மாவுக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை, பேரத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

மெர்ஸூகா மணல்மேடுகளில் அம்மா ஒட்டகத்தில் ஏறினாள், படம் பார்த்திருப்பாய். 2024 செப்டம்பரில் அந்தப் பாலைவனத்தில் வெள்ளம் வந்து, காய்ந்து கிடந்த ஏரிகளில்கூடத் தண்ணீர் நின்றதாம். அதற்கு முன்னும் பின்னும் வறட்சிதான். ஆறேழு வருடம் தொடர்ந்து மழை பொய்த்து ஆடு மாடு குறைந்துபோய், 2025 பக்ரீத்துக்கு ஆடு அறுக்க வேண்டாம் என்று மன்னரே கேட்டுக்கொண்டார். பண்டிகைக்கு ஆடு அறுக்காத வருடத்தை ஓட்டுநர் சொன்ன விதத்தில், வீட்டில் துக்கம் நடந்த வருடத்தைச் சொல்கிற தொனி இருந்தது.

வழிகாட்டிப் பையன் ஒருநாள், இந்தியாவுக்கும் எங்கள் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டான். உங்கள் ஊர்ப் பாறை எங்கள் வயலில் கிடக்கிறது என்றேன். உலகத்தின் பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மேற்கு சஹாராவையும் சேர்த்து அவர்கள் கையில்தான். நாம் போடும் டி.ஏ.பி. உர மூட்டைக்குள் போகும் பாஸ்பேட்டில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது. அவனுக்கு அது தெரியவில்லை. நம் விவசாயிக்கும் தெரியாது.

வார்ஸாஸாத், அய்த் பென்ஹத்து மண்கோட்டை, 2,260 மீட்டர் உயரத்தில் திஷ்கா கணவாய், எல்லாம் அழகு. அங்கெல்லாம் படத்தில் நானும் இருக்கிறேன். 2023 செப்டம்பர் 8 ராத்திரி அட்லஸ் மலையில் வந்த பூகம்பத்தில் மூவாயிரம் பேர் வரை செத்துப்போனார்கள். மர்ராகேஷில் சில பழைய சுவர்களுக்கு இன்னும் மரத்தால் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சதுக்கத்தில் பாம்பாட்டி, மருதாணி, ஆரஞ்சுச் சாறு, ஏகக் கூட்டம். எனக்குத் தலைவலி வந்துவிட்டது, அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சரி, இப்போது நிலம்.

நீயும் தம்பியும் ரொம்ப நாளாக விற்றுவிடலாம் என்கிறீர்கள், நான் பிடிகொடுக்காமல் இருந்தேன். திரும்பி வந்ததும் யோசித்தேன். விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் புரோக்கர் கொண்டு வந்த பிளாட்டுக்காரர்களுக்கு இல்லை. இத்தனை வருடமாக அந்த வயலில் இறங்கி உழுகிற நம் குத்தகைக்காரருக்கு. அவரால் கொடுக்க முடிகிற விலை, புரோக்கர் சொன்னதில் பாதிக்கும் கீழே. தவணையாகத்தான் தருவார். அவர் மகன் விவசாய டிப்ளமோ படித்துவிட்டு ஊரிலேயே இருக்கிறான், ஓடமாட்டான் போலத் தெரிகிறது.

இதில் தர்மம் ஒன்றும் இல்லை, கணக்குதான். கண்மாயின் நடுமடைக்குக் கீழே முதல் வயல் நம்முடையது. வாய்க்கால் நம் வரப்பை ஒட்டித்தான் கீழே எட்டுக் குடும்பத்து வயலுக்குப் போகிறது. நம் வயலில் கிராவல் கொட்டி ரோடு போட்டால் அந்தக் கால் ஒரு மழைக்கு நிற்காது. காகிதத்தில் கால் இருக்கும், நிலத்தில் இருக்காது. இப்படிப் போன கால்களை நான் எத்தனை புலப்படத்தில் பார்த்திருக்கிறேன்! கேட்டால், நாங்கள் எங்கள் பட்டாவில்தானே வேலை செய்தோம் என்பார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வதும் சரியாகவே இருக்கும். நடுமடையைத் திறந்து காலைச் செதுக்கி, சீமைக்கருவேலை வெட்டிக் கீழ்வயல் வரைக்கும் தண்ணீர் தள்ளுவது இப்போது அந்தக் குத்தகைக்காரர்தான். நானும் வருடா வருடம் மராமத்துக்குப் பணம்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இறங்கிப் பல வருடம் ஆகிவிட்டது.

அம்மாவுக்குச் சம்மதம். தம்பி முதலில் முறுக்கினான், பிறகு "உங்க இஷ்டம்" என்றான். அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். நிலம் தாத்தா வழி வந்தது. 1989-இல் தமிழ்நாட்டில் பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் உன் பங்கு அப்போதிலிருந்தே உன் பங்கு. நீ கையெழுத்துப் போடாமல் பத்திரம் பதிவாகாது, ஆகவும் கூடாது. உனக்கு இது சரி என்று படவில்லையென்றால் தயங்காமல் எழுது. உன் பங்கை அளந்து பிரித்து, கல் ஊன்றி உன் பேருக்கு உட்பிரிவுப் பட்டா வாங்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் கிரயம் செய்கிறேன். கால் பக்கத்துத் துண்டை மட்டும் தர மாட்டேன், மேல்பக்கம் எடுத்துக்கொள்.

சரி என்றால் உடனே செய்ய வேண்டியது: பொது அதிகாரப் பத்திர வரைவை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன். அங்கே உள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் முன்னால் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு எனக்குக் கூரியரில் அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சர்வே எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார். பேரில் அப்பா பேர், இனிஷியல் எல்லாம் பட்டாவில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும், உன் பாஸ்போர்ட்டில் எழுத்து வேறாக இருந்தால் முன்கூட்டியே சொல். தை மாதத்துக்குள் முடித்துவிட்டால் அவர் அடுத்த போகத்துக்குச் சொந்த வயலில் நாற்று விடுவார்.

அன்புடன்,
அப்பா